தவக்காலம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கோயில் பங்கில் மறைக்கல்வி வகுப்பும், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டமும் நடத்துகிறவர்களுக்குப் பொங்கல் முடிந்ததும் ஒரு வேலை கூடிவிடும்: தவக்காலச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது. பூசை முடிந்து செருப்பு தேடும் இடத்தில் கேட்பார்கள், ரேஷன் கடை வரிசையில் கேட்பார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பதில்கள் இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்கருக்கானவை. மற்றச் சபையார் கேட்டதற்கும் ஓரிடத்தில் பதில் இருக்கிறது.

தவக்காலம் எதற்காக? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இயேசுவின் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு நம்மைத் தயாரிப்பதற்காக. திருநீற்றுப் புதனன்று தொடங்குகிறது. செபம், நோன்பு, தர்மம் என்ற மூன்றும் இதன் வேலைகள். மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் இயேசு இந்த மூன்றைப் பற்றியும் பேசுகிறார். திருநீற்றுப் புதன் பூசையில் அந்தப் பகுதியைத்தான் வாசிக்கிறோம்.

பலரும் மறந்துபோன இன்னொரு பாதியும் இருக்கிறது. தொடக்கத் திருச்சபையில் பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவில், திருமுழுக்குப் பெறவிருந்தவர்கள் இந்த வாரங்களில் கடைசிக்கட்டப் பயிற்சி பெற்றார்கள். ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர்களும் அவர்களோடு சேர்ந்து நோன்பிருந்தார்கள். தவக்காலத்துக்குத் தவம், திருமுழுக்கு என இரண்டு முகங்கள் உண்டு என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் மீண்டும் நினைவூட்டியது. பாஸ்கா இரவில் எரியும் மெழுகுதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு, பாவத்தை விட்டுவிடுவதாகவும் கடவுளை நம்புவதாகவும் எல்லாரும் சத்தமாகச் சொல்கிறோம் அல்லவா? அந்தப் பதில் வாயோடு நின்றுவிடாமல் இருக்கத்தான் இத்தனை வாரத் தயாரிப்பும். கீழே வரும் பதில்கள் பலவும் இந்த ஒரு விஷயத்துக்கே திரும்பி வரும்.

நாற்பது நாள் என்கிறீர்கள். நாள்காட்டியில் எண்ணினால் நாற்பத்தாறு வருகிறதே?

சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். திருநீற்றுப் புதன் முதல் பெரிய சனி வரை 46 நாள். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் அதை நோன்பு நாளாக எண்ணும் வழக்கம் இல்லை. இன்றைய வழிபாட்டு விதிப்படி பெரிய வியாழன் மாலைப் பூசைக்கு முன்பே தவக்காலம் முடிந்துவிடுகிறது; அந்தப் பூசையோடு, ஈஸ்டர் வரையிலான பாஸ்கா முந்நாள்கள் தொடங்கிவிடுகின்றன. எனவே 40 என்பதைக் கணக்காகப் பார்ப்பதைவிட, இயேசு பாலைநிலத்தில் இருந்த நாள்களின் நினைவாகப் பார்ப்பது நல்லது. 325இல் கூடிய நீசேயா சங்கத்தின் ஐந்தாம் விதியிலேயே இந்த நாற்பது நாள் பற்றிய குறிப்பு வருகிறது.

கிழக்கு வழிபாட்டு முறையைச் சேர்ந்த கேரளக் கத்தோலிக்கரான சீரோ மலபார் குடும்பங்கள் நம்மைவிட இரண்டு நாள் முன்னதாகத் திங்களன்றே தொடங்கிவிடுகின்றன. ஐம்பது நோன்பு என்பது அவர்கள் மரபு.

ஒவ்வோர் ஆண்டும் தேதி ஏன் மாறுகிறது?

ஈஸ்டர் நிலவைப் பார்த்து வருகிற திருவிழா. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த நாளிலும் வரலாம். அதற்கேற்பத் திருநீற்றுப் புதன் 2026இல் பிப்ரவரி 18, 2027இல் பிப்ரவரி 10.

பிப்ரவரி 4ஐவிட முன்னதாகத் திருநீற்றுப் புதன் வரவே முடியாது. மிக அரிதாக வரும் அந்தத் தேதி 1693இல் வந்தது. அன்றுதான் ஓரியூரில், ஜான் டி பிரிட்டோ என்ற இயேசு சபைக் குருவான புனித அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. காவி உடுத்தி, மரக்கறி மட்டும் உண்டு மறவ நாட்டில் நற்செய்தி அறிவித்தவர் தவக்காலத்தின் முதல் நாளிலேயே உயிரைக் கொடுத்தார். மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் தேதிக் கணக்கு மறக்காது.

சாம்பல் எங்கிருந்து வருகிறது? பூசிக்கொள்ளாவிட்டால் பாவமா? அலுவலகம் போகும்முன் துடைத்துவிடலாமா?

முந்தைய ஆண்டு குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளை எரித்து எடுக்கிறார்கள். வீட்டில் சிலுவைக்குப் பின்னால் செருகி வைத்த பழைய குருத்தோலையைக் கோயிலில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்வது அதற்காகத்தான். திருநீற்றுப் புதன் கடன் திருநாள் (பூசைக்குக் கட்டாயம் போக வேண்டிய நாள்) அல்ல. பூசைக்குப் போக முடியாமல் போனால் பாவம் ஆகாது. ஆனால் அன்றைய நோன்பு கடமை, அது கோயிலுக்கு வராதவருக்கும் உண்டு. சாம்பல் திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருட்சாதனம் அல்ல என்பதால் கிறிஸ்தவர் அல்லாதவரும் விரும்பினால் பெற்றுக்கொள்ளலாம்.

துடைக்கலாமா என்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை. நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள்ளுங்கள் என்கிற நற்செய்தியை அதே பூசையில்தான் கேட்கிறோம். வெட்கத்தால் துடைக்கிறீர்களா, விளம்பரம் வேண்டாம் என்று துடைக்கிறீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நோன்பு எத்தனை நாள்? நாற்பது நாளும் பட்டினியா?

கடமையான நோன்பு இரண்டே நாள்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. அன்று ஒரு வேளை முழுச் சாப்பாடு; மற்ற வேளைகளில் கொஞ்சமாக ஏதாவது. 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையும்வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். இறைச்சி தவிர்ப்பது தனி ஒழுங்கு. அந்த இரண்டு நாளோடு வெள்ளிக்கிழமைகளுக்கும் அது உண்டு. 14 வயது நிறைந்தவர்களை அது கட்டுப்படுத்தும், மேல் வயது வரம்பு கிடையாது. வெள்ளிக்கிழமை ஒழுங்கை அந்தந்த நாட்டு ஆயர் பேரவை மாற்றி அமைக்கலாம் என்பதால் உங்கள் மறைமாவட்ட வழக்கத்தைப் பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் நாற்பது நாளும் ஒரு சந்தி (ஒருவேளை மட்டும் உண்பது) இருப்பவர்கள், மரக்கறி மட்டும் உண்பவர்கள் எல்லாரும் தங்கள் விருப்பத்தால் செய்கிறார்கள். நல்லதுதான். அதைப் பக்கத்து வீட்டாரை அளக்கும் கோலாக்கிவிட வேண்டாம்.

எனக்குச் சர்க்கரை நோய். மாத்திரை போட்டுக்கொண்டு நோன்பு இருக்கலாமா?

நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், கடும் உடலுழைப்பு செய்பவர்கள் ஆகியோருக்கு நோன்புக் கடமை இல்லை. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது ஆபத்து. மருத்துவர் சொன்ன நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அந்த வேளையில் நாவுக்குப் பிடித்த ஒன்றை ஒதுக்கி வையுங்கள், போதும்.

வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடலாமா? முட்டை?

சாப்பிடலாம். தவிர்க்கச் சொல்வது இறைச்சியை. முட்டை, பால் பொருள்கள் தடையில் இல்லை என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1966இல் வெளியிட்ட விதியில் தெளிவாகவே இருக்கிறது. மீனும் இறைச்சிக் கணக்கில் வராது.

ஆனால் கோழியைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வஞ்சிரம் வாங்கி, வறுவலும் குழம்புமாக வைத்துச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டால், சட்டத்தின் எழுத்தைக் காப்பாற்றினோம் என்ற திருப்தி மட்டும்தான் மிஞ்சும். கடற்கரை ஊர்களில் மீன் அன்றாடச் சோறு. அங்கே மீனையும் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை கஞ்சியும் துவையலுமாக இருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

ஞாயிறு நோன்பு இல்லை என்றால் அன்று கறி எடுக்கலாமா?

எடுக்கலாம். நீங்களாக ஏற்றுக்கொண்ட விரதத்தை ஞாயிறும் தொடர விரும்பினால் அதற்கும் தடையில்லை. இன்னொரு செய்தி: வெள்ளிக்கிழமையன்று பெருவிழா (திருச்சபை நாள்காட்டியில் மிக உயர்ந்த தரத்துத் திருநாள்) வந்தால் இறைச்சித் தவிர்ப்பு அன்று கட்டுப்படுத்தாது. 2027இல் புனித சூசையப்பர் பெருவிழாவான மார்ச் 19 வெள்ளியன்று வருகிறது. அப்போது இதே கேள்வி நிச்சயம் வரும். பதிலை முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

பூ வைக்கக் கூடாது, நகை போடக் கூடாது, கல்யாணம் பேசக் கூடாது என்கிறார் மாமியார். இதெல்லாம் சட்டமா?

பூவும் நகையும் நம் ஊர் வழக்கம். துக்க வீட்டில் எப்படி நடந்துகொள்வோமோ அப்படி இயேசுவின் பாடுகளை நினைத்து நம் பாட்டிகள் செய்துகொண்ட ஒழுங்கு அது. சட்டம் இல்லை என்பதற்காக அத்தையோடு வாதாட வேண்டாம். சட்டம் என்று நினைத்து, பூ வைத்தவரைக் குறைகூறவும் வேண்டாம். பூ பற்றிய விதி பீடத்துக்குத்தான் உண்டு: தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, பெருவிழாக்கள், விழாக்கள் தவிர மற்ற நாள்களில் பீடத்தைப் பூவால் அலங்கரிப்பதில்லை.

தவக்காலத்தில் திருமணம் செய்யக் கூடாது என்ற பொதுச் சட்டமும் இன்று இல்லை. பெரிய வெள்ளியும் பெரிய சனியும் மட்டும் முடியாது. மற்ற நாள்களில் பங்குத்தந்தை அனுமதித்தால், காலத்தின் தன்மைக்கேற்ப ஆடம்பரம் குறைத்துச் செய்யலாம். நம் பங்குகளில் பெரும்பாலும் ஈஸ்டருக்குப் பிறகு என்று தள்ளிவைத்துவிடுகிறார்கள், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இந்தக் காலத்தில் விழா என்ற பேச்சே கூடாது என்பாருக்கு ஒன்று: அண்மை ஆண்டுகளில் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழா தவக்காலத்தில்தான் நடந்துவருகிறது. இரு கரை மக்களும் அங்கே சேர்ந்து, இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளில் தியானிக்கும் சிலுவைப்பாதை செய்கிறார்கள்.

நாங்கள் வேறு சபை. லெந்து காலம் (தவக்காலம்) என்று வேதாகமத்தில் எங்கே இருக்கிறது?

அந்தப் பெயரில் ஒரு காலத்தை ஆசரிக்கும்படி கட்டளை எங்கும் இல்லை. நோன்பு இருக்கிறது, நாற்பது நாள் இருக்கிறது, சாம்பலில் அமர்ந்து மனம் வருந்துவதும் இருக்கிறது. யோனாவின் வார்த்தையைக் கேட்ட நினிவே அரசன் செய்தது அதுதான். இவற்றைச் சேர்த்து ஒரு காலமாக வகுத்தது திருச்சபை. தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபை போன்றவை லெந்து தியானக் கூட்டங்களும், பெரிய வெள்ளியன்று சிலுவையின் ஏழு வார்த்தைகள் பற்றிய ஆராதனையும் நடத்துகின்றன. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் இந்தக் காலம் இல்லை. ஆனால் உபவாசக் கூட்டங்கள் ஆண்டு முழுவதும் உண்டு. இதில் யார் பெரியவர் என்று பேசுவது தவக்காலத்தை வீணாக்குவதற்கு எளிய வழி.

எதை விட வேண்டும்? பலரும் வாட்ஸ்அப்பை விடுகிறார்கள், சீரியலை விடுகிறார்கள். அது நோன்பில் சேருமா?

சேரும். ஆனால் நான் கேட்பவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: விட்டதால் மிஞ்சுவது எங்கே போகிறது? சீரியலை விட்ட அரைமணி நேரம் தூக்கத்துக்குப் போகிறதா, படுத்திருக்கும் மாமனாரிடம் பேசப் போகிறதா? கறி எடுக்காத ஞாயிறுகளின் பணம் பர்சிலேயே இருந்து ஈஸ்டர் பிரியாணிக்குப் போனால் அதற்குப் பெயர் சேமிப்பு. 5ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ரவென்னா நகர ஆயராக இருந்த புனித பீட்டர் கிறிசோலோகு, செபமும் நோன்பும் இரக்கமும் ஒன்றுக்கொன்று உயிர் கொடுப்பவை, பிரிக்கக் கூடாதவை என்று போதித்தார். ஒன்றை மட்டும் வைத்திருப்பவனிடம் எதுவுமே இல்லை என்பது அவர் கருத்து.

எசாயா 58ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். நாங்கள் நோன்பிருக்கிறோம், நீர் ஏன் பார்ப்பதில்லை என்று மக்கள் கடவுளிடம் முறையிடுகிறார்கள். நோன்பு நாளிலும் உங்கள் வேலையாள்களை ஒடுக்குகிறீர்களே என்று பதில் வருகிறது. நம் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு இரண்டு ஆண்டாகச் சம்பளம் கூட்டவில்லை என்றால், நாம் விட வேண்டியது காபி அல்ல.

நடைமுறையில் ஒரு டப்பாவை எடுத்து, விட்ட பொருளின் விலையை அன்றன்றே அதில் போடுங்கள். குருத்து ஞாயிறுக்குள் அதை ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையிடமோ, நீங்களே அறிந்த ஒரு குடும்பத்திடமோ சேர்த்துவிடுங்கள். யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதை அன்பியத்தில் சொல்ல வேண்டியதில்லை.

என் கணவர் இந்து. வெள்ளிக்கிழமையும் அவருக்கும் பிள்ளைகளுக்கும் கறி சமைக்க வேண்டியிருக்கிறது. என் விரதம் கெட்டுவிடுமா?

கெடாது. ஒழுங்கு உங்களுக்கு, அவருக்கு அல்ல. சமைத்துக் கொடுங்கள், உங்களுக்கு ரசம் போதும். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பரிமாறுவதைவிடச் சிரித்துக்கொண்டே பரிமாறுவது கடினமான நோன்பு. ஆடி மாதமோ சபரிமலைக்கு மாலை போட்ட காலமோ வரும்போது அவர் உங்களிடம் எதிர்பார்க்கும் மரியாதையை, உங்கள் வெள்ளிக்கிழமைகளுக்கும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் கிடைத்துவிடுகிறது.

பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்றே மறந்துவிட்டது.

அதையே சொல்லித் தொடங்குங்கள். இத்தனை ஆண்டுகள் ஆயிற்று, முறை மறந்துவிட்டது, உதவி செய்யுங்கள் சாமி என்றால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். கனமான பாவங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். கதையாகச் சொல்ல வேண்டியதில்லை, அடுத்தவர் பாவத்தைச் சொல்லவே வேண்டாம். கேட்டதை வெளியே சொல்ல எந்தக் குருவுக்கும் எந்தச் சூழலிலும் அனுமதி கிடையாது. பங்குத்தந்தை தெரிந்தவர் என்று கூச்சமாக இருந்தால் பக்கத்துப் பங்குக்குப் போங்கள்.

கனமான பாவங்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது அறிக்கையிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். குருத்து ஞாயிறு வரை தள்ளிப்போட்டால் நீண்ட வரிசையில் நிற்க நேரும். நான்காம் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி, சனிகளில் ஆண்டவருக்காக 24 மணி நேரம் என்று கோயில்களைத் திறந்துவைக்கும் பழக்கத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் தொடங்கினார். உங்கள் மறைமாவட்டத்தில் அது நடந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சொந்த அண்ணனோடு பேச்சே இல்லை. வீட்டு மனை வழக்கு நடக்கிறது. இந்த நிலையில் நான் நோன்பிருந்து என்ன பயன்?

எல்லாக் கேள்விகளிலும் கனமானது இது. கேட்பவர்களும் பலர். மத்தேயு 5ஆம் அதிகாரத்தில், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்கிறார் இயேசு. உனக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. உன்மேல் அவருக்கு மனத்தாங்கல் இருப்பதாக நினைவுக்கு வந்தால் என்கிறார். இதைக் கேட்டதும் பெரும்பாலோர், தப்பு அவர்மேல்தானே என்று தொடங்குவார்கள். இருக்கலாம். முதலில் நடக்க வேண்டியவர் யார் என்பதில் அதனால் மாற்றம் வராது.

மன்னிப்பு என்பதற்கு வழக்கைத் திரும்பப் பெறுவது என்று பொருள் கொள்ள வேண்டாம். உங்கள் பங்கைச் சட்டப்படி கேட்பது பாவம் அல்ல. வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், அவர் மகள் தேர்வில் தேறினால் ஒரு வாழ்த்துச் சொல்லுங்கள். அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்றால் போய்ப் பாருங்கள். கல்லறைத் திருநாளில் அப்பா கல்லறையில் தனித்தனி நேரத்தில் மெழுகுதிரி ஏற்றும் குடும்பங்கள் எத்தனையோ. அங்கே நேரத்தை ஒன்றாக்கினாலே ஓர் ஆண்டுத் தவத்துக்குச் சமம். கதவைச் சாத்திவிட்டால்? உங்கள் பங்கைச் செய்துவிட்டீர்கள். நோன்பைத் தொடருங்கள், அவர் பெயரைச் சொல்லிச் செபியுங்கள், பூசைக்கு வாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அடி, உதை, மிரட்டல் இருக்கும் உறவுக்கு இந்தப் பதில் பொருந்தாது. மன்னிப்பின் பெயரால் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகும்படி உங்களிடம் யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். முதலில் பாதுகாப்பு.

சிலுவைப்பாதையில் மனம் நிற்பதில்லை. பதினான்கு நிலையும் ஒரே மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?

வாசிப்பவர் வேகமாக வாசித்தால் யாருக்கும் மனம் நிற்காது. குறை உங்களுடையது மட்டும் அல்ல. வாரம் ஒரே ஒரு நிலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். மற்றவற்றில் கூட்டத்தோடு எழுந்து முழங்காலிட்டுப் போங்கள், அந்த ஒன்றில் நின்றுவிடுங்கள். ஐந்தாம் நிலையில் வரும் சீரேனே ஊர்ச் சீமோன் விரும்பிச் சிலுவை சுமந்தவர் அல்ல, வழியில் பிடித்துச் சுமக்கவைக்கப்பட்டவர். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் யாரும் அந்த ஓரிடத்தில் ஒரு வாரம் தங்கலாம்.

முன்னோருக்கு ஒப்பாரியின் துணை இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய கோவாக் குரு ஜாக்கோமே கொன்சால்வெஸ் இயேசுவின் பாடுகளைப் பற்றி எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை இராகமாக வாசிக்கக் கேட்டுப் பெண்கள் அழுவார்கள். உங்கள் ஊர்ப் பெரியவர் யாருக்காவது அது பாடமாக இருந்தால் ஒரு வெள்ளி மாலை வாசிக்கச் சொல்லுங்கள்.

திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டர் வரை என் மகன் குடிப்பதில்லை. ஈஸ்டர் அன்றே மொத்தமாகக் குடித்துத் தீர்த்துவிடுகிறான். இது என்ன தவம்?

அத்தனை வாரம் அவரால் முடிகிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், ஏளனம் உதவாது. ஈஸ்டர் அன்று நண்பர்களோடு எங்கே இருக்கப்போகிறார் என்பதைப் பற்றி மூன்றாம் வாரமே பேசுங்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன, அங்கே ஒருநாளைக்கு ஒருநாள் என்றுதான் கணக்கு. நாற்பது நாள் கண்ணோட்டத்தைவிட அவருக்கு அது உதவலாம்.

நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் சாம்பல் பூசியதும் ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு. அப்படிப்பட்டவர் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

மூன்றாம் வாரத்திலேயே விரதத்தை முறித்துவிட்டேன். இனி எதற்கு?

நீங்களாக ஏற்ற விரதம் என்றால் பாவம் ஆகவில்லை. அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். விட்ட நாளை ஈடுகட்ட இரட்டை நோன்பு வேண்டாம்.

ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டருக்கு மறுநாளே பழைய ஆளாகிவிடுகிறேன். புதுவாழ்வு என்று பிரசங்கத்தில் சொல்வது எனக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

உங்களுக்கு மட்டும் அல்ல. தவக்காலத்துக்கு ஏழெட்டுத் தீர்மானம் எடுக்கும் நாம், அதன்பின் வரும் பாஸ்கா காலத்துக்கு ஒன்றும் எடுப்பதில்லை. அதுவோ பெந்தெகோஸ்து வரை 50 நாள், தவக்காலத்தைவிட நீளம். முதல் கேள்வியில் சொன்ன அந்த இரவு வாக்குறுதி ஈஸ்டருக்கு மறுநாள்தான் நடைமுறைக்கு வருகிறது. எனவே தவக்காலத்தில் செய்த எல்லாவற்றையும் தொடர நினைக்க வேண்டாம், ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: மாமனாரோடு பேசும் அரைமணியையோ, பணம் போடும் டப்பாவையோ, மாதம் ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தையோ.

எதை வைத்துக்கொள்வது என்று தெரியாவிட்டால் வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சபைச் சட்டப்படி ஆண்டின் எல்லா வெள்ளிக்கிழமைகளும் தவ நாள்கள்தாம். ஈஸ்டரை அடுத்த வெள்ளி எண்கிழமைக்குள் (ஈஸ்டர் முதல் எட்டு நாளுக்குள்) வருவதால் அன்று பெருவிழா, விட்டுவிடலாம். அதற்கு அடுத்த வெள்ளியிலிருந்து தொடங்குங்கள்.